புதுப்பிப்பு: பட்டனுக்கு ஒரே வேர்ட்பிரஸ் ஷார்ட்கோட்

பதிவுகளில் போடும் பட்டனுக்கு நிறத்துக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று எனத் தனித்தனி ஷார்ட்கோட் (பதிவுக்குள் சதுர அடைப்பில் எழுதும் சிறு குறியீடு; அந்த இடத்தில் பட்டன் வரும்) எழுதாமல், ஒன்றையே அட்ரிபியூட் (நிறம், அளவு போன்றவற்றைச் சொல்லும் பெயர்-மதிப்பு) கொடுத்து மாற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது. இப்போது தளத்தில் ஒரே ஷார்ட்கோட்தான்.

பாதி வேலையை வேர்ட்பிரஸின் ஷார்ட்கோட்_அட்ஸ் (shortcode_atts) ஃபங்ஷனே செய்துவிடுகிறது. இயல்பு மதிப்புகளை அதில் வைத்துவிட்டால், பதிவு எழுதுபவர் விட்டதை அது நிரப்பும்; பட்டியலில் இல்லாத பெயரைத் தள்ளிவிடும். அட்ரிபியூட் பெயர்களைச் சின்ன எழுத்திலேயே வையுங்கள், வேர்ட்பிரஸ் எப்படியும் அப்படித்தான் மாற்றித் தரும்.

அதிக நேரம் பிடித்தது, புதிய டேபில் திறக்கவா என்று சொல்லும் அட்ரிபியூட்தான். 'ஃபால்ஸ்' என்று கொடுத்தாலும் புதிய டேபிலேயே திறந்தது. காரணம், மேற்கோளுக்குள் கொடுக்கிற மதிப்பெல்லாம் ஸ்ட்ரிங்காகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடராகவே வருகிறது. 'ஃபால்ஸ்' என்ற ஸ்ட்ரிங், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பிக்கு ட்ரூதான்! பிஎச்பியின் ஃபில்டர்_வார் (filter_var) ஃபங்ஷன் வழியாகப் பூலியனாக (உண்மையான ட்ரூ அல்லது ஃபால்ஸாக) மாற்றியதும் சரியானது. 'நோ', 'ஆஃப்' என்று எழுதினாலும் அது புரிந்துகொள்கிறது.

அப்புறம், ஷார்ட்கோட் ஃபங்ஷனில் பட்டனின் எச்டிஎம்எல்லை உடனே அச்சிடும் எக்கோ வேண்டாம், அதைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் செய்யுங்கள். இல்லையென்றால் பட்டன் பதிவின் தலையில் போய் நிற்கும். இணைப்பையும் மற்ற மதிப்புகளையும் எஸ்கேப் செய்யாமல் (அவை கோடாக இயங்காதபடி மாற்றாமல்) விடவே கூடாது. பங்களிப்பாளர் கணக்கு வைத்திருப்பவரும் ஷார்ட்கோட் எழுதலாம், அந்த வழியாகவே ஸ்கிரிப்ட் நுழைந்துவிடும்.

நிறத்தை அனுமதித்த பெயர்களோடு ஒப்பிடும் சோதனை மட்டும் பாக்கி. முடிந்ததும் முழுக் கோடையும் இங்கேயே போடுகிறேன்.