மறைவிட முடி: மழிக்கலாமா, கத்தரித்தால் போதுமா?

பாலக்கோட்டு விவசாயி:
தக்காளித் தோட்டத்தில் பகல் முழுவதும் நிற்கிற வேலை. சித்திரை வெயிலில் தொடையிடுக்கு வியர்வையில் ஊறிவிடுகிறது. முடி இருப்பதால்தான் அரிப்பும் நாற்றமும் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். ரேசரால் முழுக்க மழித்தேன். இப்போது சிவந்த கொப்புளங்கள், சிலவற்றில் சீழ். மருந்துக்கடையில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அந்த முடியை எடுக்கலாமா? எடுப்பதென்றால் எப்படி?

ஓசூர் ஆலைத் தொழிலாளி:
எடுத்தே ஆக வேண்டும் தம்பி. தடித்த சீருடையில் ஷிப்ட் முழுவதும் இயந்திரத்தின் முன்னால் நிற்பவன் நான். முடியில் வியர்வை தங்கினால் நாறத்தான் செய்யும். கொப்புளம் வந்ததற்கு மழித்த விதம்தான் காரணம், மழித்தது அல்ல. புது பிளேடும் சோப்பு நுரையும் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் மழிக்கிறேன், எனக்கு எதுவும் வந்ததில்லை.

காவேரிப்பட்டணம் செவிலி:
உங்கள் தோலுக்கு ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது அண்ணா. அந்த இடத்து முடி சுருண்டு வளர்வது. தோலோடு ஒட்ட வெட்டினால், கூரான முனை திரும்ப வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி புகுந்தால் மயிர்க்கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். தம்பிக்கு வந்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

முடி அழுக்கு அல்ல. தோலோடு தோல் உரசாமல் காப்பது அது. தினமும் குளித்து, இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, பருத்தி உள்ளாடையை மாற்றினால் நாற்றம் அடங்கும். நீளம் தொல்லையாக இருந்தால் கத்தரியாலோ டிரிம்மராலோ குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். எல்லா முறைகளிலும் ஆபத்து குறைந்தது இதுதான். அறுவை சிகிச்சைக்கு முன்பு ரேசரால் மழிக்க வேண்டாம், அவசியமானால் கிளிப்பரால் வெட்டுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொல்லிவிட்டது. ஆபரேஷன் தியேட்டரிலேயே வேண்டாம் என்கிற ரேசரைக் குளியலறையில் கட்டாயம் ஆக்குவானேன்?

ஓசூர் ஆலைத் தொழிலாளி:
ஆபரேஷன் வேறு, அன்றாட வாழ்க்கை வேறு அம்மா. அங்கே கத்தி வைக்கப் போகிற இடம், சிறு கீறலும் ஆபத்து. அதைக் காட்டி எங்களைப் பயமுறுத்துவது சரியில்லை.

பென்னாகரம் தாய்:
வெறும் அன்றாட விஷயம் இல்லை அண்ணா. முதல் பிரசவத்தின்போது ஒரு மருத்துவமனையில், வலி எடுத்துக்கொண்டிருக்கும்போதே வறட்டு ரேசரால் மழித்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தை பிறந்த பிறகு தையல் வலியைவிட, முள்ளாக முளைத்த முடியின் குத்தல்தான் தாங்க முடியவில்லை. சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் எழுதியிருப்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். கர்ப்பிணிகள் கேள்வி கேட்க வேண்டும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டை வாசகர்:
எங்கள் மார்க்கத்தில் 40 நாளுக்கு மேல் விடக்கூடாது. ஆகவே விட்டுவிடுங்கள் என்ற யோசனை எங்களுக்கு உதவாது. வயதுக்கு வந்த பிள்ளைகள் கேட்க ஆளில்லாமல், அப்பா போட்டுவைத்த பழைய பிளேடை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு என்ன வழி? அதைச் சொல்லுங்கள் அக்கா.

காவேரிப்பட்டணம் செவிலி:
நியாயமான கேள்வி பாய். மழிப்பதென்றால் முதலில் கத்தரியால் குட்டையாக வெட்ட வேண்டும். நீண்ட முடியில் ரேசரை ஓட்டினால் அது இழுத்துக்கொண்டு தோலைக் கீறும். பிறகு சில நிமிடங்கள் வெதுவெதுப்பான நீர், அதன்மேல் நுரை. ஒரு கையால் தோலை இலேசாக இழுத்துப் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலச வேண்டும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது. விதைப்பையின் தோல் மெல்லியது, சுருக்கம் உள்ளது. அங்கே ரேசரே வேண்டாம், காப்புச் சீப்பு பொருத்திய டிரிம்மர் போதும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, வாசனை இல்லாத களிம்பு தடவுங்கள். வீரியமான கிருமிநாசினியை அப்படியே ஊற்றாதீர்கள்.

அப்பாவின் பிளேடு கூடவே கூடாது. கணவன் மனைவிக்குள்ளும் ரேசரைப் பகிரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியில் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி தொற்றும். சர்க்கரை நோயாளிகள் டிரிம்மரோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அவர்களுக்குப் புண் எளிதில் சீழ் பிடிக்கும்.

தருமபுரி கல்லூரி மாணவி:
அக்கா, முடி நீக்கும் கிரீமில் வெட்டுக்காயமே இல்லையே? விடுதியில் பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

காவேரிப்பட்டணம் செவிலி:
வெட்டாது, ஆனால் சுடும். அதிலுள்ள தயோகிளைக்கோலேட் உப்பு முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைக் கரைக்கிறது. நம் மேல்தோலிலும் கெரட்டின்தான் இருக்கிறது. பெட்டியில் போட்ட நேரத்துக்கு மேல் வைத்தால் தோல் வெந்துவிடும். அந்தப் பகுதிக்கானது என்று எழுதியிருக்கும் கிரீமை மட்டும் வாங்கு. முதல் நாள் சிறிது தடவி, குறித்த நேரத்தில் கழுவிவிட்டு, அதன்பின் 24 மணி நேரம் எரிச்சல் இல்லையென்றால் வெளிப்புறத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். உள் மடிப்புகளில் படவே கூடாது.

ஓசூர் ஆலைத் தொழிலாளி:
வேலைக்குப் போகிறவனுக்கு இத்தனை பக்குவம் பார்க்க நேரம் ஏது என்று எழுத வந்தேன். ஆனால் முதலில் கத்தரிப்பது நல்ல யோசனை, ஏற்கிறேன். மழிப்பதே தவறு என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். மழித்தால்தான் எனக்குச் சுத்தமாக உணர முடிகிறது.

காவேரிப்பட்டணம் செவிலி:
உங்கள் உடம்பு, உங்கள் விருப்பம் அண்ணா. புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் "எடுத்தே ஆக வேண்டும்" என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

பாலக்கோட்டுத் தம்பி, கொப்புளம் முழுதும் ஆறும்வரை பிளேடு வேண்டாம். பிதுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒத்தடம் கொடுங்கள், தளர்ந்த ஆடை உடுத்துங்கள். தொடையிடுக்கில் வட்டமாகப் பரவி, ஓரம் தடித்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கும். முடியை எடுத்து அதைப் போக்க முடியாது. கடையில் கேட்டதும் கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசாதீர்கள். முதலில் அடங்கியதுபோல் காட்டி, பிறகு மேலும் பரவும். வீக்கம் பெரிதானாலும் காய்ச்சல் வந்தாலும் காத்திருக்காமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காட்டக் கூச்சமாக இருந்தால், ஆண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.