புதிதாக ஆடுகிறவர்களுக்கு எந்த கோல்ஃப் பந்து? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிளாங்கிலிருந்து:

ஆபிஸ் நண்பர்கள் இழுத்துவிட்டதில் நாற்பதைத் தாண்டிய பின் கோல்ஃப் பக்கம் வந்தவன் நான். பந்தை அடிக்கும் கிளப் வாங்கும்போதுகூட இவ்வளவு குழப்பம் இல்லை. பந்து வாங்கப் போனால் கடையில் ஒரு சுவர் முழுக்கப் பெட்டிகள். டூர், சாஃப்ட், டிஸ்டன்ஸ் என்று ஒவ்வொன்றும் ஓர் ஆசை காட்டுகிறது. கடைப் பையன் என் ஸ்விங் வேகம் எவ்வளவு என்று கேட்டான். பந்தில் கிளப் படுவதே பெரும்பாடு, இதில் வேகம் வேறா! பக்கத்தில் கையுறை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சீனப் பெரியவர் திரும்பி, “ஒரு ரவுண்டுக்கு எத்தனை பந்து தொலைக்கிறாய்?” என்றார். கணக்கு வைத்ததில்லை என்றேன். “ஒரே பந்தில் ஒன்பது குழி முடிக்கும் நாள் வரட்டும். அதுவரை மேல் தட்டைப் பார்க்காதே.”

அதைத்தான் நானும் புதியவர்களிடம் சொல்லி வருகிறேன். கீழ்த் தட்டில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு அடுக்குப் பந்துகள்: உள்ளே ஒரே ரப்பர் உருண்டை, மேலே சர்லின் என்ற பிளாஸ்டிக் மாதிரியான கெட்டி உறை. மரத்தில் மோதினாலும் கார்ட் பாதையில் விழுந்தாலும் தாங்கும், சுழற்சி குறைவு. புரோ வி1 போன்ற விலை கூடிய பந்துகளுக்கு யூரித்தேன் உறை. கிட்டத்திலிருந்து பந்தைத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் கிளப்பின் முகத்திலுள்ள கோடுகள் அதை நன்றாகப் பற்றிச் சுழற்றிவிடும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் விழுந்ததும் சட்டென்று நிற்கும். அருமையான விஷயம்தான். ஆனால் கிரீனில் நிறுத்துவது இருக்கட்டும், முதலில் கிரீனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே.

பெட்டியில் கொட்டை எழுத்தில் தூரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே வரக் கூடாது, கிளம்பும் வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு. எல்லாக் கம்பெனியும் அந்த வேலிக்குள்தான் மேய்கிறது. பந்து எவ்வளவு கெட்டி என்று காட்டும் கம்ப்ரெஷன் எண் குறைந்த பந்து அடிக்கும்போது மெத்தென்று இருக்கும்; எனக்கு அது பிடிக்கும். அதனாலேயே தூரம் கூடும் என்று யாராவது சொல்லி விற்றால் நான் வாங்க மாட்டேன்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று: 1848 வாக்கில் இறகு திணித்த தோல் பந்தை ஓரங்கட்டிய கட்டாபெர்ச்சா பந்துக்கான பிசின், மலாயா பக்கத்துக் காட்டு மரங்களிலிருந்து போனது. கீறல் விழுந்த பழைய பந்து வழவழப்பான புதியதைவிட நன்றாகப் பறப்பதைக் கவனித்துத்தான் பந்தின் மேல் குழி போட ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் பால்மரம் சீவிய என் தாத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஜொகூரிலிருந்து:

அண்ணே, குளத்துப் பந்தை விட்டுவிட்டீர்களே! தண்ணீரிலிருந்து எடுத்த பந்துகளைப் பை பையாக விற்கும் ஒரு அக்காவிடம்தான் நான் வாங்குவேன். ஒரு நாள் பளபளவென்று இருந்த பையை எடுத்தேன். “அது வேண்டாம் தம்பி, பெயின்ட் அடிச்சது” என்று அவரே பிடுங்கி வைத்துவிட்டார். மேலே மறுபடி பெயின்ட் ஏறினால் குழிகள் தூர்ந்துவிடும், பிறகு பந்து எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. கழுவித் தரம் பிரித்ததை வாங்குங்கள், போதும்.

அப்புறம், பல மாடல் கலந்த பை மலிவு என்று வாங்காதீர்கள். கிரீன் ஓரத்தில் ஒரே மாதிரி சிப் செய்தாலும் (கிட்டத்திலிருந்து மெல்லத் தட்டினாலும்) ஒன்று நிற்கும், இன்னொன்று உருண்டோடும். குறை கையிலா பந்திலா என்றே தெரியாது. எந்த மாடலானாலும் சரி, ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியிலிருந்து:

எங்கள் ஊர் 2,200 மீட்டருக்கு மேல். காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும். பறந்துபோய் முட்புதரில் விழும். அதனால் நான் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மஞ்சள் நிறப் பந்து வைத்திருந்தேன், கிளப் பை சுமக்கும் கேடி அண்ணன் பார்த்துவிட்டு, “பனியில இது தெரியும் சார், சாயங்காலமும் தெரியும். அந்த பச்சைப் பந்து மட்டும் கொண்டு வராதீங்க” என்றார். காணாமல் போன பந்தைத் தேட விதிப்படி 2019-லிருந்து மூன்று நிமிடம்தான். முன்பு ஐந்து இருந்தது.

கிளாங்கிலிருந்து மறுபடி:

நிறம் நல்ல யோசனை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பந்தில் மார்க்கர் பேனாவால் உங்கள் அடையாளத்தைப் போடுங்கள். எங்கள் நால்வரில் இரண்டு பேர் ஒரே பிராண்ட், அதிலும் 3 என்ற ஒரே எண் அச்சிட்ட பந்து வைத்து ஆடினார்கள். ஓரத்து நீளப் புல்லான ரஃப்பில் இரண்டு பந்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எது யாருடையது என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. விதிப்படி இரண்டுமே தொலைந்த பந்துகள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பெனால்டி அடியோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி நடந்தார்கள்.