புதுப்பிப்பு: அந்தக் கேசட்டில் புல்லாங்குழல் யார்?

90களில் வந்த உள்ளூர்ப் பக்திப்பாடல் கேசட். உறையில் பாடகர், இசையமைப்பாளர் பெயர் மட்டும். குழல் வாசித்தது யார் என்று இங்கே கேட்டிருந்தேனே, ஆள் கிடைத்துவிட்டார்! நம்ம மலேசியாவில், சுங்கை சிப்பூட்டிலேயே, தோட்டத்துக் கோவில் பஜனையில் இன்னும் வாசிக்கிறார்.

"ஒரே டேக் தம்பி. கையில காசு குடுத்தாங்க, பேரை யாரு கேட்டா?" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேசட்டை ஒலிப்பதிவு செய்த அண்ணனும், குழல் வாசித்தது இவர்தான் என்று உறுதி சொன்னார்.

ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை (ஒலிப்பதிவுகளுக்கான சர்வதேசக் குறியீடு) தேடச் சொன்னவர்களுக்கு: அந்த 12 எழுத்துக் குறியீடு பதிவை அடையாளம் காட்டும், வாசித்தவரைச் சொல்லாது. யாரும் தகவல் சேர்க்கக்கூடிய இசைத் தகவல் தளமான மியூசிக்பிரெய்ன்ஸில் பாட்டுவாரியாக, கருவியோடு பெயர் சேர்க்கலாம். அதற்கான ஆதாரத்தை, திருத்தத்தோடு சேர்க்கும் குறிப்பில் (edit note) எழுதிவிடுங்கள். குழல் வாசித்தவரின் பெயரை அவர் சம்மதத்தோடு சேர்த்துவிட்டேன்.

தபேலா வாசித்தவர் ஈப்போவாம். நம்பர் கேட்டிருக்கிறேன்.