புதுப்பிப்பு: லால்குடி பக்கத்து ஓட்டு வீடு

தாத்தா கட்டிய தனி வீட்டை விற்கப் போகிறோம், ஆனால் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அது இப்போது நகர்ந்திருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, நத்தம் பட்டாவை (ஊர்க் குடியிருப்பு மனைக்கான பட்டா) அப்பா, சித்தப்பா, அத்தைகள் எல்லோர் பெயருக்கும் மாற்றியாகிவிட்டது. சொத்தின் மேல் பதிவான கடன், அடமானம் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றும் சுத்தம். அத்தைகள் கையெழுத்து எதற்கு என்றார் தரகர். தாத்தா உயில் எழுதவில்லை, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் சம பங்கு, அதனால் தரகரின் அந்தப் பேச்சையெல்லாம் காதில் வாங்காதீர்கள். வாங்க வந்தவர் முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான், வீட்டை அப்புறம்தான். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அவர் பாடு. கொல்லைத் தென்னைகளுக்குத் தனி விலை கேட்கலாம் என்கிறார் சித்தப்பா, எனக்கென்னவோ அது கொஞ்சம் ஓவர்.