ஓதம் ஏறிய சுவர்: உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கும்பகோணத்திலிருந்து:

தாத்தா சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு. கூடத்தில் தெருப்பக்கச் சுவர் தரையிலிருந்து இரண்டடிக்கு ஓதம் ஏறியிருந்தது. பெயின்ட் கொப்புளமாக எழும்பும். தொட்டால் காரை மாவாகக் கொட்டும். சரிசெய்ய வந்தவர் அதைக் கொத்திவிட்டு நாலடி உயரத்துக்கு சிமென்ட் பூசினார். ஒரு வருடம் சுவர் பளிச்சென்று இருந்தது. அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு, சிமென்ட் முடிந்த இடத்துக்கு மேலே ஈரம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. அங்கிருந்த பழைய பூச்சில் பஞ்சுபோல உப்புப் பூத்திருந்தது. அப்பா படம் மாட்டிய ஆணி துருவேறிக் கையோடு வந்துவிட்டது.

பிறகு ஒரு நிறுவனத்தார் ஈரமானியோடு வந்து, சுவர் முழுவதும் நனைந்திருப்பதாகச் சொல்லி சுவரில் துளையிட்டு ஈரத்தைத் தடுக்கச் செலுத்தும் ஊசி மருந்துக்கு விலை பேசினார்கள். உப்பு ஏறிய சுவரில் அந்தக் கருவி ஈரத்தைக் கூட்டித்தான் காட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நல்லவேளையாகப் பணம் புரளவில்லை.

கடைசியாக வந்த வயதான கொத்தனார் கூடத்துக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று, "திண்ணைக்கு முன்பு எத்தனை படி தம்பி?" என்று கேட்டார். என் சின்ன வயதில் மூன்று. இப்போது ஒன்று. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் போட்டதில் தெரு உயர்ந்து, மழைத்தண்ணீர் சுவரை ஒட்டியே நின்றிருக்கிறது. செங்கல் குடித்த நீர் பழைய பூச்சு வழியே காய்ந்துகொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் மேலே ஏறிவிட்டது.

சிமென்டை உரித்தோம். தெருவோரம் வடிகால் எடுத்தோம். மாசி முதல் ஆனி வரை சுவரை வெறுமனே காயவிட்டு, உப்பைத் தண்ணீர் படாமல் தூரிகையால் தட்டியெடுத்தோம் (கழுவினால் கரைந்து உள்ளேயே போய்விடும்). அதன் பிறகே சுண்ணாம்புப் பூச்சு. இன்னும் கொஞ்சம் உப்பு வருகிறது. ஆனால் ஈரம் ஏறவில்லை.

காரைக்குடியிலிருந்து:

எங்களுக்கு ஈரம் மேலிருந்து வந்தது, அண்ணா. கார்த்திகையில் உத்தரத்துக்குக் கீழே தேநீர் நிறத்தில் கறை படியும், தையில் காய்ந்துவிடும். தரையோரம் சுத்தமாக இருந்ததால் கூரையைப் பார்த்தோம். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் இரண்டு ஓடு உடைந்து, சருகு அடைத்திருந்தது. உத்தரத்தின் சுவருக்குள் இருந்த முனை விரலால் அழுத்தினாலே அமுங்கியது. அதை மாற்றத்தான் பெரும் செலவு.

உதகையிலிருந்து:

கல் வீடு, பீரோவுக்குப் பின்னால் கரும்பூஞ்சை. சுவரில் ஒரு சாண் அலுமினியத் தாளை நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தாளின் சுவரைப் பார்த்த பக்கம் காய்ந்திருந்தது, அறையைப் பார்த்த பக்கத்தில் முத்து முத்தாக நீர். அப்படியென்றால் ஈரம் சுவரிலிருந்து அல்ல, அறைக்காற்றிலிருந்து வந்தது. அறைக்குள் துணி உலர்த்தியதும், சன்னலை அடைத்துவிட்டு வெந்நீர் காய்ச்சியதும்தான் காரணம். பீரோவை ஒரு சாண் தள்ளிப்போட்டு, காலையில் சன்னலைத் திறந்துவைக்கிறேன். இந்த மழைக்குப் பூஞ்சை வரவில்லை.