இருபுறமும் ஒட்டிய 5 × 12 மீட்டர் மனை: தோண்டும் மண்ணிலேயே கல் அடித்து வீடு கட்டலாமா?

சின்னமனை:
வெப்பமண்டல நகரம், நெரிசலான தெரு. மனை 5 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். நீளவாக்கில் இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள். தெரு மேற்கே. கிழக்கே பின்புறம் 1.5 மீட்டர் விட்டாக வேண்டும். தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் போதும், ஏசி கூடாது. கடைக்கால் தோண்டும் மண்ணில் 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் கலந்து, அழுத்த மண்கல் (சுடாமல், மெஷினில் அழுத்திச் செய்வது) அடித்துக் கட்டலாம் என்று எண்ணம். மண் சுவர் குளிர்ச்சி என்கிறார்கள். இந்த மனைக்கு அது பொருந்துமா? மழைக்குத் தாங்குமா?

ரசமட்டம்:
முதலில் மண் போதுமா என்று பாருங்கள். 24 செ.மீ. தடிமனில் பக்கச் சுவர் இரண்டு: 10.5 மீ நீளம், 6 மீ உயரம் என்றால் அவை மட்டுமே 30 கன மீட்டர். மெஷினில் அழுத்தும்போது மண் சுருங்கும். அதனால் உதிரி மண்ணாக ஏறக்குறைய 50 கன மீட்டர் வேண்டும். வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணை ஒதுக்கிவிட்டால், இந்த அளவு மனையில் கடைக்கால் மண் அதில் பாதிகூடத் தேறாது. மீதி வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்தது இடம். 30 கன மீட்டர் கல்லை ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் 30 சதுர மீட்டர், அதாவது மனையில் பாதி. முதல் இரண்டு நாள் பாலிதீன் மூடி வைத்து, பிறகு நான்கு வாரம் வரை ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். இடம் இல்லை என்று ஒரே வாரத்தில் சுவருக்கு ஏற்றிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அப்படி ஏற்றிய கல்லின் முனை விரலால் தேய்த்தாலே உதிரும். வேறு இடத்தில் அடித்து, முதிர்ந்த கல்லாகக் கொண்டுவாருங்கள்.

மண் சோதனைக்குக் கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கிவிடும். களிமண் கடைசியாக, ஒரு நாள் கழித்துப் படியும். மணல் பாதிக்கு மேலும் களி 15 சதவீதம் அளவிலும் இருந்தால் நல்லது. களி மிகுந்த கரிசல் என்றால் சிமென்ட் பிடிக்காது. மணல் சேர்க்க வேண்டும், அல்லது சுண்ணாம்புக்கு மாற வேண்டும். அதைவிடச் செங்கல்லே வாங்கிவிடலாம்.

கலவை ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். ஒரு பிடி இறுக்கி, தோள் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியானால் தண்ணீர் போதாது, சப்பென்று ஒட்டிக்கொண்டால் அதிகம்.

கணக்குப் போடும் எஞ்சினியரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: நனைந்த மண்கல்லின் பலம் காய்ந்ததில் பாதி அளவுக்கு இறங்கிவிடும். ஈர பலத்தை வைத்துத்தான் கணக்கு.

தூக்குக்குண்டு:
குளிர்ச்சி விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. இருபுறச் சுவரிலும் வெயிலே படாது. அங்கே மண்ணாக இருந்தால் என்ன, செங்கல்லாக இருந்தால் என்ன? சூடு இறங்கப்போவது சுமார் 50 சதுர மீட்டர் மேல்தளத்திலும் மேற்குச் சுவரிலும். இரவிலும் புழுக்கம் குறையாத ஊரில், வெயில் வாங்கிய தடித்த சுவர் படுக்கும் நேரம் பார்த்துச் சூட்டைக் கக்கும். செலவும் கவனமும் அந்த இரண்டு இடத்துக்குத்தான்.

மேற்கில் மாலை வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடு உதவாது. மாடிப்படி, குளியலறை இரண்டையும் அந்தப் பக்கம் தள்ளுங்கள். சுவருக்கு 40 செ.மீ. முன்னால் செங்கல் ஜாலி (இடையிடையே துளை விட்ட சுவர்) ஒன்று எழுப்பினால் வெயிலோடு சாரலையும் தடுக்கும். மண்கல்லுக்கு அது இரட்டை லாபம்.

சூடான காற்று மேலே வெளியேற, வீட்டின் நடுவில் 1.5 × 2 மீட்டர் திறப்பு விட்டு, கூரைக்கு மேல் ஒரு மீட்டர் உயர்த்துங்கள். ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 7 மீட்டர் உயரம், உள்ளுக்கும் வெளிக்கும் 3 டிகிரி வெப்ப வித்தியாசம் என்றால் காற்றை இழுக்கும் அழுத்தம் ஒரு பாஸ்கலுக்கும் குறைவு. வினாடிக்கு 2 மீட்டர் காற்று சுவரில் மோதினால் 2.4 பாஸ்கல். இவ்வளவு மெலிந்த இழுப்பைக் கொசுவலை எளிதில் முடக்கிவிடும். வலை வேண்டும்தான், அதனால் திறப்பையே அகலமாக வையுங்கள். மின்விசிறி இல்லாமல் முடியாது.

கடைக்கால்:
இருவரும் விட்டது: பக்கத்து வீட்டை ஒட்டித் தோண்டுவது. அவர்கள் கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரே நீளமாகத் தோண்டினால் அவர்கள் சுவர் இறங்கும். ஒரு மீட்டர் தோண்டிக் கட்டி, இடையில் விட்டு, அடுத்த மீட்டர் என்றுதான் போக வேண்டும். எல்லையைத் தாண்டி அடித்தளம் நீட்ட முடியாததால் பாரம் ஓரத்தில் விழும். இதற்குத் தனி டிசைன் வேண்டும், கொத்தனார் அனுபவம் மட்டும் போதாது.

இரண்டு சுவருக்கும் நடுவே சில செ.மீ. சந்து இருக்கும். வெளிப்பக்கம் பூச முடியாது. மழைநீர் உள்ளே இறங்கினால் மண்கல் ஊறிக்கொண்டே இருக்கும். சந்தின் மேல்வாயில் உலோகத் தகடு மடித்து மூடுங்கள். தகட்டை உங்கள் சுவரில் மட்டும் அடியுங்கள். இரண்டு பக்கமும் அடித்தால், வீடுகள் தனித்தனியாக அசையும்போது கிழியும். தரைக்கு மேல் 45 செ.மீ. வரை கருங்கல் கட்டு, அதன்மேல் ஈரத்தடுப்புப் படலம், அப்புறம்தான் மண்கல்.

சின்னமனை:
மிக்க நன்றி. மேல்தளத்தில் கான்கிரீட்டுக்குள் ஓடு வைக்கலாமா? ஒழுகாதா?

தூக்குக்குண்டு:
வைக்கலாம். தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, கம்பிதான் தாங்குகிறது. அந்த இடத்தை ஓடு நிரப்புகிறது. இரண்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தால் நடுவில் காற்றுப் பை கிடைக்கும், சூடும் குறையும். ஆனால் உங்கள் அகலம் 4.5 மீட்டர். நடுவில் ஒரு பீம் கொடுத்து இடைவெளியைக் குறையுங்கள். பால்கனி நீட்சியில் ஓடு கூடாது. அங்கே இழுவிசை மேல்பக்கம்.

ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்த ஓடு. கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும், சுற்றிலும் நூல் போல விரிசல் வரும். முந்தின நாளே ஊறவைத்து, கான்கிரீட் போடும் நேரத்திலும் நனையுங்கள். வைப்ரேட்டர் ஊசி ஓட்டில் பட்டால் உடையும். ஆட்கள் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும்.

மேலே செங்கல் ஜல்லி 5 பங்கு, சுண்ணாம்பு 2 பங்கு கலந்து சராசரி 7.5 செ.மீ., அதன்மேல் தட்டோடு. மீட்டருக்கு 1.5 செ.மீ. வாட்டம். கடைசியில் வெள்ளை அடியுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வோர் ஆண்டும் திரும்ப. அழுக்கேறிய வெள்ளை வெயிலைத் திருப்பாது.