பேணாரேயின் கடைசிப் பேச்சைக் குறைக்கலாமா?

மேடைவாசி, வேலூர்:
பெண்கள் கல்லூரி விழாவுக்கு 45 நிமிட நாடகம், 8 மாணவிகள். விஜய் டெண்டுல்கரின் மராத்தி நாடகம் ‘சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே’ (1967) எடுத்திருக்கிறோம். நாடகக் குழு விளையாட்டா நடத்தற போலிக் கோர்ட், கல்யாணமாகாம கர்ப்பமா இருக்கற டீச்சர் பேணாரே மேல நிஜ விசாரணையா திரும்பற கதை. பேணாரேயின் கடைசிப் பேச்சு ரொம்ப நீளம். பட்டிமன்றம் மாதிரி கத்திப் பேசறாங்க. குறைச்சுடலாமா? இல்ல, கிரீஷ் கர்நாடோட ‘நாகமண்டல’த்துக்கு மாறிடலாமா?

பாலாற்று மணல்:
கடைசிப் பேச்சைத் தொடாதீங்க, முதல் அங்கத்துல வெட்டுங்க. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மேல போடற அணு ஆயுத வழக்கு பத்தின பேச்செல்லாம் போகட்டும். ஆனா தாழ்ப்பாள்ல விரல் நசுங்கற இடம் இருக்கணும். தாழ்ப்பாளைக் கொஞ்சம் நீட்டி விட்டுக் கதவைச் சாத்தினா வெளியில பூட்டிக்கும்னு உள்ளூர்க்காரர் சாமந்த் சொல்றது அப்பதான். பின்னால அவ தப்பிச்சு ஓடும்போது அதே கதவு திறக்காது. அதனால படுதாவுல வரைஞ்ச கதவு உதவாது. மரச்சட்டம் அடிச்சு இரும்புத் தாழ்ப்பாள் போடுங்க, ‘டக்’குனு கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்.

கத்தறது ஏன்னா, கோர்ட்டுக்குப் பதில் சொல்றதா நினைக்கறாங்க. கோர்ட் அவளுக்குக் கொடுக்கறது 10 விநாடி. அவ பேசும்போது மத்தவங்க உறைஞ்சு நிக்கறாங்க, யார் காதிலும் விழாது. முடிஞ்சதும் வயித்துல இருக்கற பிள்ளையை அழிக்கணும்னு தீர்ப்பு. அவளுக்கு மட்டும் காலர் மைக் மாட்டி, குரலை இறக்கிப் பேசச் சொல்லுங்க. மத்தவங்க மேல வெளிச்சம் பாதி போதும்.

படுகளம்:
பாத்திரங்கள்ல பெண் ரெண்டு, ஆண் ஆறு, எட்டும் சரியா வருது. மீசை வேண்டாம், வேர்வையில உரிஞ்சா சபை சிரிச்சிடும். ஆரணி, செய்யாறு கூத்துல ஆம்பளை பாஞ்சாலி கட்டறார், யாரும் சிரிக்கறதில்ல. கௌரவர் சபையில பாஞ்சாலி கேக்கறதும் சட்டக் கேள்விதான்: தன்னையே தோத்தவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பதில் இல்ல, ஆனா துரியோதனன் விழற படுகளத்துல கூந்தல் முடிக்கறா. பேணாரேக்குப் படுகளமே கிடையாது, சாமந்த் வெச்சுட்டுப் போற பச்சைத் துணிக்கிளிதான் மிச்சம். கடைசியில அவளை எழுந்து நிக்க வெச்சுக் கைதட்டல் வாங்கிடாதீங்க.

மேடைவாசி:
நாகமண்டலம்?

பாலாற்று மணல்:
நாயகி ராணி பாம்பைக் கையில பிடிச்சு, புருஷனையும் இந்தப் பாம்பையும் தவிர யாரையும் தொட்டதில்லன்னு சத்தியம் பண்ற இடம்தான் உயிர். ரப்பர் பாம்பு தொங்கினா அது போச்சு. அதை விட கதவு சுலபம்.

ஏட்டுச்சுரை:
ஒண்ணு விட்டுட்டீங்க. டெண்டுல்கர் மறைஞ்சது 2008. பதிப்புரிமை அதுக்கப்புறம் 60 வருஷம். பார்க்கறவங்க மாணவிகள், ஆசிரியர்கள், பெற்றோர், கல்லூரியோட தொடர்புள்ளவங்கன்னு இருக்கற வரைக்கும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தோட 52-ஆம் பிரிவு விலக்கு தருது. வெளியாளுக்கு டிக்கெட் வித்தா அனுமதி வாங்கணும், மொழிபெயர்த்தவர்கிட்டயும் தனியா.